27/12 என்ற கதவு எண்ணில் என்ன தவறு?

போன வருடம் அப்பாவுக்காக ஒரு விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பிக்கொண்டிருந்தேன். மூன்று பக்கம், ஐந்து ஆவணங்கள், ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து அளவு குறைத்து ஏற்ற வேண்டும். எல்லாம் முடித்து சப்மிட் பொத்தானை அழுத்தினால் மேலே சிவப்பில் ஒரே ஒரு வரி: "தவறான உள்ளீடு". எந்தப் பெட்டியில் என்று சொல்லவில்லை, என்ன தவறு என்றும் சொல்லவில்லை. கீழே இறங்கிப் பார்த்தால் நிரப்பியதில் பாதி அழிந்துபோயிருந்தது. நாலாவது தடவை முயன்றபோதுதான் பிடிபட்டது, முகவரியில் நான் போட்டிருந்த "27/12" என்ற கதவு எண்தான் காரணம். சாய்கோட்டை எடுத்துவிட்டு நடுவில் இடைவெளி விட்டதும் விண்ணப்பம் போய்விட்டது. சென்னையில் வீடுகளுக்குப் புது எண் கொடுத்த பிறகு புதியதையும் பழையதையும் சாய்கோடு போட்டுச் சேர்த்து எழுதுவதுதான் வழக்கம். தபால்காரருக்கும் சிலிண்டர் கொண்டுவருபவருக்கும் அது புரியும். அந்தப் படிவத்துக்கு மட்டும் அது தவறாகப் பட்டது.

அதை எழுதிய டெவலப்பர் அக்கறை இல்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். சாய்கோடு, ஒற்றை மேற்கோள், < > என்ற கோணல் அடைப்பு இதெல்லாம் வந்தால் ஆபத்து, தடுத்துவிடு என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவரும் பயந்து எல்லாக் குறிகளையும் சேர்த்துத் தடுத்திருக்கிறார். பயத்துக்குக் காரணம் இருக்கிறது, மருந்துதான் மாறிப்போய்விட்டது. வந்த உள்ளீடு சரியா என்று பார்ப்பதை வேலிடேஷன் என்று ஒரே பெயரில் சொல்கிறோம், அந்த வேலைக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சில வேலைகள் கலந்து கிடக்கின்றன. எதில் கறாராக இருக்க வேண்டும், எதில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பிரித்துக்கொள்ளாமல் எழுதினால், விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் கறாராகவும் கறாராக இருக்க வேண்டிய இடத்தில் அசட்டையாகவும் ஆகிவிடும். நான் பார்த்த மோசமான படிவங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் கெட்டுப்போயிருக்கின்றன.

பயம் எங்கிருந்து வந்தது

ஒரு லாகின் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 'பெயர் இன்னது என்று இருக்கும் வரிசையைக் கொடு' என்று, விவரங்களைச் சேமித்துவைத்திருக்கும் டேட்டாபேஸிடம் கேட்க வேண்டும். அந்த வாக்கியத்தை டெவலப்பர் துண்டு துண்டாக ஒட்டித் தயாரிக்கிறார், 'இன்னது' என்ற இடத்தில் வந்தவர் தட்டியதை அப்படியே செருகிவிடுகிறார். வந்தவர் ஒரு ஒற்றை மேற்கோளைத் தட்டினால் பெயர் அந்த இடத்தோடு முடிந்துவிட்டதாக டேட்டாபேஸ் எடுத்துக்கொள்ளும், அதற்கு அப்புறம் வருவதெல்லாம் அதற்குக் கட்டளை. இதுதான் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன். 1998 டிசம்பரில் ஹேக்கர்களின் இணைய இதழான ஃபிராக்கில் இதைப் பற்றிய விளக்கம் வெளிவந்தது. அதற்குப் பதினேழு வருடம் கழித்து, 2015 அக்டோபரில், பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் இதே வழியாகத்தான் உள்ளே புகுந்து 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்களை எடுத்தார்கள். வேறொரு நிறுவனத்தை வாங்கியபோது கூடவே வந்துசேர்ந்த மூன்று பழைய பக்கங்கள் வழியாக அது நடந்தது. அடுத்த வருடம் தனிநபர் தகவல் பாதுகாப்பைக் கவனிக்கும் அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் 4 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது.

சரி, இதற்கு மேற்கோள் குறியைத் தடுப்பதுதானே வழி என்று தோன்றும். இல்லை. வாக்கியத்தையும் மதிப்பையும் தனித்தனியாக டேட்டாபேஸுக்கு அனுப்புவதுதான் வழி. ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் என்று எல்லா மொழியிலும் இருக்கிறது. வாக்கியத்தில் இடம் விட்டுவைத்து முதலில் அதன் வடிவத்தை நிலைநிறுத்திவிடுகிறோம், மதிப்பு பின்னால் தனியாக வருகிறது. அப்படி வரும் மதிப்புக்குள் என்ன குறி இருந்தாலும் அது கட்டளையாக மாற வழியே கிடையாது. 27/12 என்று வரட்டும், பெயருக்கு நடுவில் ஒற்றை மேற்கோள் வைத்திருக்கும் ஓ'பிரையன் வரட்டும், எல்லாம் வெறும் எழுத்துதான்.

பக்கத்தில் திரும்பக் காட்டும்போது வரும் ஆபத்து வேறு. வந்தவர் முகவரிப் பெட்டியில் ஒரு ஸ்கிரிப்ட் துண்டை எழுதிவைக்க, அதை நாம் அப்படியே இன்னொருவரின் பிரவுசரில் காட்டினால் அது அங்கே ஓடிவிடும். 2005 அக்டோபரில் மைஸ்பேஸில் ஒரு இளைஞர் தன் அறிமுகப் பக்கத்தில் இப்படி ஒன்றை வைக்கப்போய், ஒரு நாளைக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகளுக்கு அது பரவியது. இதற்கான மருந்து காட்டும் இடத்தில் இருக்கிறது. பக்கத்தை வடிவமைக்கும் மொழியான எச்டிஎம்எல்லுக்குள் எழுதும் அந்த நொடியில் கோணல் அடைப்பைப் பாதுகாப்பான வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பக்கத்தைத் தயாரித்துத் தரும் இன்றைய டெம்ப்ளேட் கருவிகளில் பெரும்பாலானவை இதைத் தாமாகவே செய்கின்றன, நாமாகப் போய் அணைத்துவைக்காமல் இருந்தால் போதும்.

உள்ளே வரும்போதே எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடலாம் என்ற எண்ணத்தை, இணையதளங்கள் எழுதப் பயன்படும் பிஎச்பி மொழி பல வருடம் முயன்று பார்த்தது. மேஜிக் கோட்ஸ் என்ற ஏற்பாடு, வருகிற ஒவ்வொரு மேற்கோள் குறிக்கும் முன்னால் தானாக ஒரு பின்சாய்கோட்டைச் சேர்த்துவிடும். பாதுகாப்பு முழுமையாகக் கிடைக்கவில்லை, பக்கங்களில் பின்சாய்கோடுகள் சிதறிக் கிடந்ததுதான் மிச்சம். 2012இல் வந்த 5.4 பதிப்பில் அதை அடியோடு எடுத்துவிட்டார்கள். ஒரே எழுத்து டேட்டாபேஸுக்கு ஒரு மாதிரி ஆபத்து, எச்டிஎம்எல்லுக்கு வேறு மாதிரி ஆபத்து, மின்னஞ்சலுக்கு இன்னொரு மாதிரி. எங்கே போகப்போகிறது என்று தெரியாமல் வாசலிலேயே அதற்கு மருந்து கொடுக்க முடியாது. என் அப்பாவின் கதவு எண் தடைபட்டதற்கு மூல காரணம் இந்தக் குழப்பம்தான்.

பிரவுசரில் உதவி, சர்வரில் காவல்

1995 டிசம்பரில், பிரவுசருக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் அறிவிக்கப்பட்ட காலத்தில் வீடுகளில் டயல்-அப் மோடம்தான். ஒரு பெட்டியை மறந்துவிட்டு அனுப்பினால், தளத்தை நடத்தும் கணினியான சர்வர் வரைக்கும் போய், 'இது காலியாக இருக்கிறது' என்ற பதிலோடு முழுப்பக்கமும் திரும்பி வர அரை நிமிடம்கூட ஆகலாம். பிரவுசரிலேயே ஒரு பார்வை பார்த்துச் சொல்லிவிட்டால் அந்தக் காத்திருப்பு மிச்சம். ஜாவாஸ்கிரிப்டுக்குத் தொடக்கத்தில் கிடைத்த முக்கியமான வேலைகளில் இது ஒன்று. 2014 அக்டோபரில் எச்டிஎம்எல்5 அதிகாரபூர்வமானபோது, கட்டாயம் நிரப்ப வேண்டியது, மின்னஞ்சல், குறைந்த அளவு, அதிக அளவு, வடிவம் இதற்கெல்லாம் குறியீட்டிலேயே சொற்கள் இருந்தன, ஸ்கிரிப்ட் எழுதாமலே பிரவுசர் பார்த்துக்கொள்ளும்.

இதெல்லாம் நிரப்புகிறவருக்கு உதவி. பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. பிரவுசரில் இருப்பதெல்லாம் வந்தவரின் கையில் இருப்பது. பிரவுசரிலேயே இருக்கும் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து 'கட்டாயம்' என்ற சொல்லை அழித்துவிடலாம், ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிடலாம், பிரவுசரே இல்லாமல் கர்ல் கட்டளையில் ஒரு வரி எழுதி சர்வருக்கு என்ன வேண்டுமானாலும் அனுப்பலாம். மறைவான பெட்டியில் விலையை வைத்து, அது அப்படியே திரும்பி வரும் என்று நம்பி ஆர்டர் போட்டால், 4,000 ரூபாய்ப் பொருள் 4 ரூபாய்க்குப் போகும். ட்ராப்டவுனில் மூன்று வாய்ப்புதான் காட்டினேன், நாலாவது எப்படி வரும் என்று கேட்பவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். வரும். வந்த மதிப்பு அந்த மூன்றில் ஒன்றா என்று சர்வர் மறுபடியும் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் பலர் விட்டுவிடுகிறார்கள். எதிர்பார்த்த பெட்டிகள் சரியாக வந்ததா என்று பார்ப்பார்கள், எதிர்பாராத பெட்டி கூடவே வந்ததா என்று பார்க்க மாட்டார்கள். வந்ததை எல்லாம் அள்ளி ஒரே வரியில் டேட்டாபேஸில் எழுதும் வசதி, தளம் கட்ட உதவும் ஆயத்தச் சட்டகங்களான ஃபிரேம்வொர்க்குகள் பலவற்றில் உண்டு. 2012 மார்ச்சில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒருவர், தன் சாவியைப் புதுப்பிக்கும் படிவத்தோடு கூடுதலாக ஒரு பெட்டியைச் சேர்த்து அனுப்பி, தனக்கு உரிமை இல்லாத ரெயில்ஸ் என்ற ஃபிரேம்வொர்க்கின் திட்டத்துக்குள் எழுதும் உரிமையைப் பெற்றுக்காட்டினார். வேண்டிய பெட்டிகளின் பெயரை நாமே பட்டியலிட்டு அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்தக் கதவு மூடிவிடும்.

நீளத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள், மற்ற சோதனை எல்லாம் அதற்கு அப்புறம். 2016 ஜூலை 20 அன்று, டெவலப்பர்கள் கேள்வி பதில் எழுதும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் முடங்கியது. வரியின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நீக்கும் சாதாரண ரெகுலர் எக்ஸ்பிரஷன்தான், அதாவது எழுத்தின் வடிவத்தைத் தேடும் சூத்திரம்தான் காரணம். ஒரு பதிவில் தொடர்ச்சியாக 20,000 இடைவெளிகள் இருந்தன, கடைசியில் ஒரு வேறு எழுத்து. ஒவ்வொரு இடைவெளியிலும் தொடங்கி முடிவு வரைக்கும் ஓடி ஓடி, கிட்டத்தட்ட 20 கோடி தடவை பார்த்திருக்கிறது. சரிபார்க்க எழுதிய விதியே சர்வரைப் படுக்கவைக்க முடியும்.

எண்களில் கறார்

உள்ளே எப்படி அமைந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை எவ்வளவு கறாராக வேண்டுமானாலும் சோதிக்கலாம். ஆதார் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 12 இலக்கம், முதல் இலக்கம் 0 அல்லது 1 ஆக இருக்காது, கடைசி இலக்கம் மற்ற பதினொன்றையும் வைத்துக் கணக்கிட்ட சோதனை இலக்கம். டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹோஃப் 1969இல் கொடுத்த முறை அது. ஒரு இலக்கத்தை மாற்றித் தட்டினாலும் சரி, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றித் தட்டினாலும் சரி, தப்பாமல் பிடித்துவிடும். வங்கி அட்டைகளில் இருக்கும் லூன் முறை ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் கண்டது, அதைவிட எளியது, ஆனால் 09ஐ 90 என்று மாற்றித் தட்டினால் அதற்குத் தெரியாது. இந்தக் கணக்கைப் பிரவுசரிலேயே செய்து, தட்டி முடித்தவுடனே 'எண்ணில் எங்கோ பிழை இருக்கிறது, அட்டையைப் பார்த்து மறுபடி சரிபாருங்கள்' என்று சொல்லிவிட முடியும். அந்த எண் உண்மையிலேயே யாருக்காவது கொடுக்கப்பட்டதா, இவருடையதுதானா என்பது வேறு கேள்வி, அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

பான் எண்ணில் ஐந்து எழுத்து, நாலு இலக்கம், ஒரு எழுத்து. நாலாவது எழுத்து 'பி' என்றால் தனிநபர், 'சி' என்றால் கம்பெனி. ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதல் எழுத்து, ஆனால் அதைப் பெயர்ப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று கிளம்பினால் நம் இனிஷியல் பெயர்களில் மாட்டிக்கொள்வீர்கள், அங்கே நிறுத்திக்கொள்வது நல்லது. வங்கிக் கிளைக்கான ஐஎஃப்எஸ்சி குறியீடு 11 இடம், ஐந்தாவது இடம் எப்போதும் பூஜ்யம். பாஸ்புக்கைப் பார்த்துத் தட்டுகிறவர்கள் அதை ஆங்கில 'ஓ' என்று நினைத்துவிடுவது சகஜம். அங்கே வேறெதுவும் வரவே முடியாது என்று நமக்குத் தெரியும்போது, தவறு என்று திருப்பி அனுப்புவதைவிட நாமே பூஜ்யமாக மாற்றிக் காட்டிவிடலாம். இலங்கையில் தேசிய அடையாள அட்டை எண் பழைய முறையில் 9 இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும், 2016 முதல் வருகிற அட்டைகளில் 12 இலக்கம். இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன, ஒன்றை மட்டும் ஏற்கும் படிவம் பாதிப் பேரை வெளியே நிறுத்திவிடும்.

கறார் என்றால் சோதனையில் கறார், தட்டும் விதத்தில் இல்லை. ஆதார் அட்டையிலேயே எண் நாலு நாலாகப் பிரித்துத்தான் அச்சாகியிருக்கிறது, பார்த்துத் தட்டுகிறவர் இடைவெளி விடத்தான் செய்வார். கைபேசி எண்ணை முன்னால் பிளஸ் 91 போட்டோ, பூஜ்யம் போட்டோ, நடுவில் கோடு போட்டோ ஒட்டுவார்கள். வேறு இடத்திலிருந்து காப்பி செய்த எண்ணில் கண்ணுக்கே தெரியாத திசைக்குறிகள்கூட ஒட்டிக்கொண்டு வரும், பார்த்தால் பத்து இலக்கம் சரியாக இருக்கும், ஆனால் படிவம் மறுக்கும், நிரப்புகிறவருக்குப் பைத்தியம் பிடிக்கும். முதலில் இதையெல்லாம் உதறிவிட்டு மிச்சம் இருப்பதைச் சோதியுங்கள். இடைவெளி விடக் கூடாது என்று பயனருக்குக் கட்டளை போடுவதைவிட, இடைவெளியை நீக்க எழுதும் ஒரு வரி குறைவான வேலை.

மொழிகள் வைக்கும் கண்ணிகள் தனி. 'எத்தனை பிள்ளைகள்' என்ற கேள்விக்கு 0 என்று பதில் போட்டால் பிஎச்பியின் எம்ப்டி சோதனை அதைக் காலி என்று எடுத்துக்கொண்டு 'நிரப்பவும்' என்று கேட்கும். ஜாவாஸ்கிரிப்டில் காலிப் பெட்டியை நம்பர் என்று மாற்றினால் 0 வந்து நிற்கும், அதாவது பதில் சொல்லாதவர் சொன்னதாகிவிடுவார். அதிலேயே தேதியை ஆண்டு, மாதம், நாள் என்று எண்களாகக் கொடுத்து 2025 பிப்ரவரி 30 என்றால் மறுக்காது, மார்ச் 2 என்று மாற்றிவைத்துக்கொள்ளும். மாற்றியதைத் திரும்பப் பிரித்து, கொடுத்த நாளும் மாதமும் அப்படியே இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பிடிபடும்.

பெயர்களில் தாராளம்

உலகத்தைப் பற்றி நாம் ஊகம் மட்டுமே செய்யக்கூடிய இடங்கள் இருக்கின்றன. பெயர் அதில் முதல். முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கட்டாயம் என்று கேட்கும் படிவத்தின் முன்னால் தமிழர்கள் உட்கார்ந்து யோசித்த நேரத்தைக் கூட்டினால் எவ்வளவோ வரும். குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கு இல்லை, அப்பா பெயரின் முதல் எழுத்து இருக்கிறது. அதைக் கடைசிப் பெயரில் போட்டால் 'குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்' என்று வரும், புள்ளியோடு போட்டால் 'சிறப்புக் குறிகள் கூடாது' என்று வரும். கடைசியில் ஒரு சான்றிதழில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி என்று பெயர் பிரிந்துபோய், அதைச் சேர்க்க நோட்டரியிடம் அலைய வேண்டியிருக்கிறது. ஒரு டெவலப்பர் ஐந்து நிமிடத்தில் எழுதிய விதியால் வருவது இது. பெயருக்கு ஒரே ஒரு பெட்டி, காலியாக இருக்கக் கூடாது, நீளத்துக்குத் தாராளமான ஒரு உச்சவரம்பு, கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்துகள் கூடாது. இதற்கு மேல் விதி வேண்டாம் என்பது என் கட்சி.

தமிழிலேயே பெயரைத் தட்ட விடும் படிவங்களில் இன்னும் நுணுக்கமான சிக்கல் இருக்கிறது. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுத்து வகை பிரித்திருக்கும் தரநிலை யூனிகோடு. 'எழுத்துகள் மட்டும்' என்று அதன் வகையை வைத்து விதி எழுதுவார்கள். யூனிகோடின் கணக்கில் 'க' எழுத்து, ஆனால் அதன்மேல் வரும் புள்ளியும் கொம்பும் காலும் எழுத்து அல்ல, குறி என்ற தனி வகை. எனவே 'கமல' என்ற பெயர் போகும், 'கமலா' போகாது, 'கண்ணன்' போகவே போகாது. எழுத்தோடு குறி வகையையும் சேர்த்து அனுமதித்தால் சரியாகிவிடும். தமிழில் சோதித்துப் பார்த்தவருக்கு இது முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும்.

நீளமும் அப்படித்தான். சுப்பிரமணியன் என்ற பெயரில் எத்தனை எழுத்து? நாம் எண்ணினால் எட்டு. யூனிகோடு புள்ளிகளாக, அதாவது உயிர்க்குறியையும் மெய்யின் புள்ளியையும் தனித்தனியாக எண்ணினால் 13. யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் பைட்டுகளாக எண்ணினால் 39, ஏனென்றால் தமிழின் ஒவ்வொரு யூனிகோடு புள்ளிக்கும் 3 பைட்டு. பிரவுசர் 13 என்று எண்ணி அனுமதித்து, டேட்டாபேஸில் பெயருக்கு 30 பைட்டுக்குத்தான் இடம் ஒதுக்கியிருந்தால், பெயர் பாதியில் வெட்டப்படும் அல்லது புரியாத ஒரு பிழையோடு திரும்பும். எந்த அலகில் எண்ணுகிறோம் என்று பிரவுசர், சர்வர், டேட்டாபேஸ் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அப்புறம், 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று, ஒப்பிட்டால் வேறு வேறு. கொற்றவை என்ற பெயரில் ஒருவர் பதிவு செய்துவிட்டு வேறு கீபோர்டிலிருந்து தேடினால் கிடைக்காது. வாங்கியவுடனே என்எஃப்சி என்ற யூனிகோடின் பொது வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும், எல்லா மொழியிலும் அதற்கு ஒரு செயல்கூறு இருக்கிறது.

தமிழ் எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் 'இலக்கம்' என்பதற்கான குறியைப் பைத்தான் மொழியில் எழுதினால் அது ௯௮ஐயும் ஏற்றுக்கொள்ளும், முழு எண்ணாக மாற்றச் சொன்னால் 98 என்று சரியாக மாற்றவும் செய்யும். ஜாவாஸ்கிரிப்டில் அதே குறி 0 முதல் 9 வரை மட்டும். ஆக ஒரே விதியை இரண்டு இடத்திலும் எழுதினேன் என்று நாம் நினைத்திருப்போம், இரண்டும் இரண்டு விதி.

மின்னஞ்சலுக்கு உலகில் எழுதப்பட்டிருக்கும் நீள நீளமான ரெகுலர் எக்ஸ்பிரஷன்களை நான் பயன்படுத்துவதில்லை. எச்டிஎம்எல் தரநிலையே மின்னஞ்சலின் அதிகாரபூர்வ இலக்கணத்தை வேண்டுமென்றே மீறுகிறோம் என்று வெளிப்படையாக எழுதிவைத்துவிட்டு எளிய விதி ஒன்றைத்தான் கொடுக்கிறது. அட் குறி இருக்கிறதா, இரண்டு பக்கமும் ஏதாவது இருக்கிறதா, 254 எழுத்துக்குள் இருக்கிறதா, அவ்வளவு பார்த்துவிட்டு ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். முகவரி உண்மையானதா என்று சொல்லக்கூடியது அந்தக் கடிதம் ஒன்றுதான்.

கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி கட்டாயம் என்ற விதியை அமெரிக்காவின் தரநிலை அமைப்பான என்ஐஎஸ்டி 2017லேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நீளத்தைப் பாருங்கள், ஏற்கெனவே கசிந்த கடவுச்சொற்களின் பட்டியலோடு ஒப்பிடுங்கள், பேஸ்ட் செய்ய விடுங்கள் என்பதுதான் அவர்கள் சொன்னது.

தவறு என்று சொல்லும் விதம்

'தவறான உள்ளீடு' என்பது செய்தியே அல்ல. நிரப்புகிறவருக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்: எந்தப் பெட்டி, என்ன குறை, என்ன செய்தால் சரியாகும். "கைபேசி எண்ணில் 10 இலக்கம் வேண்டும், இதில் 9 இருக்கிறது" என்று எழுதினால் மூன்றும் வந்துவிடுகிறது. செய்தி அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், படிவம் நீளமானால் மேலே ஒரு தொகுப்பும் வேண்டும், அதிலிருந்து தொட்டால் நேராக அந்தப் பெட்டிக்குப் போக வேண்டும். பிரிட்டிஷ் அரசின் தளங்களில் இந்த அமைப்பைப் பார்க்கலாம், நான் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். பெட்டியைச் சிவப்பாக்கினால் மட்டும் போதாது, நிறம் பிரித்தறிய முடியாதவர்களும், திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் ஸ்க்ரீன் ரீடர் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பெட்டி தவறானது என்று, ஸ்க்ரீன் ரீடருக்காக உள்ள ஏரியா பண்புகளில் குறித்து, செய்தியை அதோடு இணைத்துவிட்டால் பார்வையற்ற ஒருவருக்கும் அந்தப் பெட்டிக்கு வரும்போதே செய்தி காதில் விழும். பிழையை எழுத்தால் சொல்ல வேண்டும் என்பது இணையத்தை எல்லோரும் பயன்படுத்த வகைசெய்யும் விதிகளாக 2008 டிசம்பரில் வந்த அணுகல் வழிகாட்டியிலேயே அடிப்படை நிலையில் இருக்கிறது.

எப்போது சொல்வது என்பதும் முக்கியம். மின்னஞ்சலின் முதல் எழுத்தைத் தட்டும்போதே 'தவறு' என்று கத்தும் படிவங்கள் எரிச்சலூட்டும், அவர் இன்னும் எழுதி முடிக்கவே இல்லையே. பெட்டியை விட்டு நகர்ந்த பிறகு சொல்லுங்கள். ஒருதடவை தவறு காட்டிவிட்டால், அதற்கு அப்புறம் அவர் திருத்தத் திருத்தப் பாருங்கள், சரியான நொடியில் செய்தி மறைய வேண்டும். எல்லாப் பிழையையும் ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள், ஒன்றைத் திருத்தியதும் அடுத்தது என்று தவணை முறையில் வேண்டாம். புகைப்படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்றால் தேர்ந்தெடுக்கும் முன்பே எழுதியிருக்க வேண்டும், ஏற்றி முடித்த பிறகு அல்ல. எல்லாவற்றையும்விட, தட்டியதை அழிக்காதீர்கள். கடவுச்சொல், அட்டை எண் தவிர மற்ற எல்லாம் அவர் விட்ட நிலையிலேயே திரும்பி வர வேண்டும். லாராவெல், ஜாங்கோ என்ற ஃபிரேம்வொர்க்குகள் இரண்டிலும் இதற்கு வசதி உள்ளேயே இருக்கிறது.

அடுத்தது சர்வர் பக்கத்துப் பிழை. நிரப்புகிறவர் திருத்தக்கூடிய பிழையும் நம் பக்கம் உடைந்ததும் ஒன்றல்ல. சர்வர் பதிலோடு அனுப்பும் நிலைக்குறியீடு முன்னதற்கு 422 அல்லது 400, பின்னதற்கு 500. டேட்டாபேஸ் நின்றுபோனதற்கு 'உங்கள் உள்ளீடு தவறு' என்று காட்டினால் அந்த மனிதர் சரியாக இருக்கும் படிவத்தை ராத்திரி முழுக்கத் திருத்திக்கொண்டிருப்பார். 'எங்கள் பக்கத்தில் கோளாறு, நீங்கள் கொடுத்தது சேமிக்கப்படவில்லை, அரை மணி கழித்து முயலுங்கள், இந்தக் குறிப்பு எண்ணைச் சொல்லுங்கள்' என்றால் அவருக்கு ஒரு தெளிவு கிடைக்கும், அதே எண்ணை வைத்து நமக்கும் சர்வரின் பதிவேடான லாகில் தேட முடியும். முழு விவரமும் லாகில் இருக்கட்டும், கோப்புப் பெயர், டேபிள் பெயர், வரி எண் எதுவும் திரையில் வேண்டாம்.

ஒரு இடத்தில் இந்த இரண்டும் கலக்கும். ஒரு பயனர்பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்த்து, இல்லை என்றதும் சேர்க்கிறோம். தேடுவதற்கும் சேர்ப்பதற்கும் நடுவில் உள்ள நொடிப்பொழுதில் இன்னொருவர் அதே பெயரைச் சேர்த்துவிடலாம். டேட்டாபேஸிலேயே யூனிக் என்று, அதாவது ஒரே பெயர் இரண்டு தடவை வரக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்து, அது மறுக்கும்போது வரும் பிழையைப் பிடித்து 'இந்தப் பெயரை வேறொருவர் எடுத்துவிட்டார்' என்று மொழிபெயர்த்துச் சொல்வதுதான் பாதுகாப்பான வழி. பொத்தானை இரண்டு தடவை அழுத்துகிறவர்களுக்காக, படிவத்தைத் திறக்கும்போதே ஒரு தனிச் சாவி கொடுத்துவிட்டு, அதே சாவியோடு இரண்டாவது தடவை வந்தால் புதிதாக எதுவும் செய்யாமல் முதல் முடிவையே காட்டிவிடலாம். பணம் கட்டும் பக்கங்களில் இது இல்லாமல் விடவே கூடாது.

பிழையைக் கையாளும் நிரலே ஓட்டையாகிவிடலாம் என்பதற்கு 2017இல் அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் நடந்த சம்பவத்தைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. அவர்கள் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஃபிரேம்வொர்க்கில், கோப்பு ஏற்றும் கோரிக்கை ஒன்று தவறான தலைப்போடு (கோரிக்கையின் முன்னால் வரும் விவரக்குறிப்பு) வந்தால், அந்தத் தலைப்பின் எழுத்தையே எடுத்துப் பிழைச்செய்திக்குள் வைத்துத் தயாரித்தார்கள். தயாரிக்கும் வழியில் அந்த எழுத்து ஒரு கட்டளையாக இயங்கிவிட்டது. தவறு என்று சரியாகவே கண்டுபிடித்து, அதைச் சொல்லப்போன இடத்தில் கதவு திறந்தது. மார்ச்சில் திருத்தம் வந்துவிட்டது, ஈக்விஃபாக்ஸ் அதைப் போடவில்லை, மே முதல் ஜூலை வரை உள்ளே இருந்தவர்கள் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்களை எடுத்துச்சென்றார்கள். மறுத்துவிட்ட உள்ளீடும் உள்ளீடுதான், அதைச் செய்தியில் காட்டினாலும் லாகில் எழுதினாலும் அதே ஜாக்கிரதை வேண்டும்.

இப்போது எந்தப் படிவம் எழுதினாலும் வெளியே விடும் முன் சிலவற்றைக் கையால் தட்டிப் பார்க்கிறேன். கதவு எண் 27/12. ஒற்றைப் பெயராக மீனா. இனிஷியலோடு மு. அப்துல் ரஹ்மான். ஓ'பிரையன். இரண்டு குறியாகப் பிரித்துத் தட்டிய கொற்றவை. நாலு நாலாகப் பிரித்த ஆதார் எண், பிளஸ் 91 ஒட்டிய கைபேசி எண். பிள்ளைகள் 0. பிப்ரவரி 30. வெறும் இடைவெளி மட்டும் ஒரு தடவை, அதே இடைவெளி ஒரு லட்சம் ஒரு தடவை. கர்ல் வழியாகப் படிவத்தில் இல்லாத ஒரு பெட்டி. அப்புறம் எல்லாவற்றையும் நிரப்பி முடித்து, வைஃபையை அணைத்துவிட்டுப் பொத்தானை அழுத்துவேன், தட்டியது அத்தனையும் அப்படியே நிற்கிறதா என்று பார்க்க.